மானிட்டரைக் கழற்றி வைத்த பிறகு

கெடாரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் ஸ்கூட்டரில் திரும்பும்போது, வேர்க்கடலை போட்டிருந்த ஒரு மல்லாட்டைக் கொல்லை ஓரமாக ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடிவந்தது. பிரேக்கை அழுத்தினேன். அதற்குப் பிறகு நினைவில் இருப்பது வானம் மட்டும்தான். தார்ச்சாலையில் மல்லாந்து கிடந்துகொண்டு, ஒரு மேகம் மிக மெதுவாக இன்னொரு மேகத்துக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். கன்றுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டு நான் சிரித்தேனாம்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள ரத்தக் கசிவு எதுவும் இல்லம்மா. ஆனா மூளை நல்லாக் குலுங்கியிருக்கு. கொஞ்ச நாளைக்கு செல்போன், டிவி, கம்ப்யூட்டர் எதையும் பார்க்காதீங்க. தலை தானா சரியாகும்."

எல்லோருக்கும் அந்தக் கொஞ்ச நாள் சில வாரங்களில் முடிந்துவிடுமாம். எனக்கு முடியவில்லை. ஆகாயத்தைப் பார்க்க முடிந்தது, முகங்களைப் பார்க்க முடிந்தது, காகிதத்தில் அச்சான எழுத்தைக்கூடக் கொஞ்ச நேரம் படிக்க முடிந்தது. பளீரென்ற வெளிச்சம் கூசியது. திரை அறவே ஆகவில்லை. செல்போனைக் கையில் எடுத்தால், எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடக்கும் கூழாங்கற்கள்போல அசையத் தொடங்கும். பிறகு அறை ஒரு பக்கமாகச் சரியும். பிறகு வாந்தி.

என் வேலையே கம்ப்யூட்டரோடுதான். மனிதர்கள் பேசியதைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். ஊர் ஊராகப் போய் மனிதர்களின் வாழ்க்கையைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யும் ஒரு ஆராய்ச்சிக் குழுவுக்கு நான் பல வருடங்களாக இதைச் செய்துவந்தேன். விதை நேர்த்தி பற்றி ஒரு விவசாயி, வலை பின்னுவது பற்றி ஒரு கடலோரத்துக்காரர். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, நான் பார்த்தே இராத நூற்றுக்கணக்கான மனிதர்களின் இருமலையும் சிரிப்பையும் தெரிந்து வைத்திருந்தேன். விழுந்த பிறகு அந்தக் குரல்கள் எல்லாம் நின்றுபோயின.

ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டிவிட்டு அந்த அறையிலேயே படுத்துக் கிடந்தேன். காலம் சத்தமாக மாறியது. பால்காரரின் மணி, பள்ளிக்கூட வேன், எதிர் வீட்டு மிக்ஸி, ஏரிப் பக்கமிருந்து வரும் நீர்க்கோழியின் கூப்பாடு. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஒரு மெல்லிய திரைச்சீலைபோல இவை ஆடிக்கொண்டிருக்கும். சில நேரங்களில் கீழேயிருந்து என் கணவரின் குரல் வரும். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஹலோ." அவர் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் மைக்செட் போடுவது அவர்தான். அவர் குரல் ஸ்பீக்கர் வழியாகச் சுவரில் மோதி மாடிக்கு வரும்போது, வேறு ஏதோ ஒரு ஊரிலிருந்து யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கும்.

அந்த மாதங்களில் எனக்கு ஒரு சந்தேகம் வளர்ந்தது. படுத்தபடியே நான் கேட்பேன்: "ஏங்க, டீ குடிச்சீங்களா?" பதில் வராது. முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியில் எதையோ தேடுவார், பிறகு போய்விடுவார். "வெளிய வெயிலா இருக்குதா?" அதற்கும் பதில் இருக்காது. வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து வைப்பார், நெற்றியில் ஈரத்துணி போடுவார், எல்லாம் செய்வார். ஆனால் பேச்சு குறைந்துகொண்டே போனது. இந்த இருட்டு அறையோடு அவருக்குச் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். யாருக்குத்தான் சலிக்காது என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து என் தோழி ரயிலேறி வந்தாள். கல்லூரியில் கூடப் படித்தவள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். விழுப்புரத்தில் ஒரு வங்கியில் வேலை. அவள் அறைக்குள் வந்ததும் செய்த முதல் காரியம் போர்வை கட்டிய ஜன்னலைத் தடவிப் பார்த்ததுதான்.

"இன்னாடி இது, பொந்து மாதிரி. காத்தாவது வருதா?"

"வெளிச்சம் ஆவலடி. அதுக்குத்தான்."

"எப்பதான் வேலை ஆரம்பிக்கப் போறே?"

"ஸ்கிரீன் பார்க்க முடியலையே. எங்க வேலை செய்யறது?"

அவள், நான் வேடிக்கையாக ஏதோ சொல்லிவிட்டதுபோலச் சிரித்தாள். "நீ காதாலதானடி வேலை செஞ்சிக்கினு இருந்தே. கண்ணுக்கு அதுல இன்னா வேலை?"

"டைப் பண்ணதைச் சரி பார்க்கணும் இல்ல?"

"நான் இன்னா பார்த்தா டைப் பண்றேன்? பேங்குல ஒரு நாளைக்கு எத்தனை மெயில் அனுப்பறேன் தெரியுமா? எழுதினதைப் படிச்சிக் காட்டச் சொல்லு, கேளு, தப்புன்னா திருத்து. அவ்ளோதான். மொதல்ல அந்த மானிட்டரைக் கழட்டி வைடி. அது அங்க இருக்கிற வரைக்கும் நீ அதையே நெனச்சிக்கினு இருப்பே."

என் கணவர் டீயோடு வாசலில் நின்றிருந்தார். "இன்னா சொல்றாங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மானிட்டரைக் கழற்றச் சொல்கிறாள் என்று உரக்கச் சொன்னேன். டீயை வைத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் கீழே போய் ஸ்குரூ டிரைவரோடு வந்தார். ஒயரைப் பிடுங்கி, மானிட்டரைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, பரண்மேல் ஏற்றினார். மேசையில் அது இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாகத் தெரிந்தது. விரல்களால் அந்தச் சதுரத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக, குளிர்ச்சியாக இருந்தது.

எழுத்தைப் படித்துக் காட்டும் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போடுவதற்கு மட்டும் ஒரு ஜோடிக் கண் தேவைப்பட்டது. அது அவருடையது. தன் பழைய லேப்டாப்பை நெட்வொர்க் கேபிளால் என் கம்ப்யூட்டரோடு இணைத்து, அதன் திரை எனக்குத் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். தோழி விழுப்புரத்திலிருந்து போனில் சொல்லச் சொல்ல, இவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். "சிக்னல் சரியில்லைங்க, மறுபடி சொல்லுங்க" என்று அடிக்கடி கேட்டார். எனக்குப் போனில் அவள் பேசுவது நன்றாகவே கேட்டது. இவர் கைபேசியை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் பேசியது.

அது ஒரு பெண்ணின் குரல். மூச்சு விடாத பெண். வாக்கியத்தின் நடுவில் நிற்காது, எச்சில் விழுங்காது. 'ரூ.' என்று வந்தால் "ரூ புள்ளி" என்றது. எண்களை ஆங்கிலத்தில் சொன்னது. நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தட்ட அதைத் திருப்பிச் சொன்னது. 'அம்மா' என்று அடித்தேன். "அம்மா" என்றது. கண்களை மூடியிருந்தேன். தலை சுற்றவில்லை, அறை சரியவில்லை. 'கன்றுக்குட்டி' என்று அடித்தேன். அதையும் சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பார்க்காமல் வேலை செய்யப் பழகிய நாட்கள் இப்போது நினைத்தால் கனவுபோல இருக்கின்றன. திரை இருந்தபோது கம்ப்யூட்டர் எனக்கு முன்னால் இருந்தது. திரை போன பிறகு நான் அதற்குள் இருந்தேன். மின்சாரம் போன வீட்டில் நடமாடுவதுபோல. எந்தச் சுவர் எங்கே, எந்தப் படியில் கால் தட்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் என் கோப்புறைகளுக்கு எல்லாம் வீட்டின் பெயர்களை வைத்தேன். புதிதாக வரும் ஒலிப்பதிவுகள் 'வாசல்'. வேலை நடப்பவை 'அடுக்களை'. முடிந்தவை 'கூடம்'. எனக்கென்று எழுதி வைப்பவை 'மொட்டைமாடி'. அம்புக்குறிச் சாவியை அழுத்தினால் அந்தப் பெண் "வாசல்... அடுக்களை... கூடம்..." என்று சொல்லிக்கொண்டே வருவாள். சில சமயம் வேலை எதுவும் இல்லாமலேயே அந்த வீட்டுக்குள் சும்மா நடந்துவிட்டு வருவேன்.

ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்க ஒரு கால் மிதி வேண்டியிருந்தது. என் கணவர் பலகைத் துண்டில் ஒரு காலிங் பெல் சுவிட்சைப் பொருத்திச் செய்து கொடுத்தார். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கை எழுத, கால் கேட்க, கண் மூடியிருக்க, நான் மறுபடி வேலைக்குத் திரும்பினேன். முதலில் மெதுவாகத்தான். குரலின் வேகத்தைக் கூட்டு, கூட்டு என்று தோழி போனில் விரட்டுவாள். அவள் வைத்துக்கொள்ளும் வேகத்தை ஒருமுறை கேட்கவைத்தாள். சட்டியில் மல்லாட்டை பொரிகிற மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை.

கம்ப்யூட்டர் போடும் பீப் சத்தங்கள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கோப்பைச் சேமித்தால் ஒரு பீப், மெயில் வந்தால் ஒரு பீப், தப்பு செய்தால் இரண்டு. ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. அதை ஒருநாள் சொன்னேன்.

"அப்ப வேற சத்தம் வெச்சிக்கலாம் மே," என்றார் அவர். என்னை 'மே' என்றுதான் கூப்பிடுவார். "நம்ம ஊரு சத்தம். என்கிட்ட ரெக்கார்டர் இருக்குது. காலையில வண்டிய எடுத்துக்கினு போனா பத்து சத்தம் புடிச்சிக்கினு வந்துடலாம்."

அப்படித்தான் எங்கள் காலைப் பயணங்கள் தொடங்கின. மைக்செட் ஏற்றும் வேனில், ஸ்பீக்கர் பெட்டிகள் இல்லாத காலி வேனில், நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்காருவேன். விடிந்தும் விடியாத பனியில் நெல் வயல்கள் வெள்ளையாகத் தெரியும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் "பாண்டி பாண்டி பாண்டி" என்று கூவிவிட்டு ஒரு கண்டக்டர் ஊதிய விசிலைப் பிடித்தோம். அது மெயில் வரும் சத்தம் ஆனது. விழுப்புரம் ஜங்ஷனில் கடைசி நடைமேடையில் நின்று, ஒரு கூட்ஸ் வண்டி நகரத் தொடங்கும்போது பெட்டிக்குப் பெட்டி இழுபட்டுப் போகும் அந்தத் தடதடப்பைப் பிடித்தோம். அது கம்ப்யூட்டர் விழித்தெழும் சத்தம். எங்கள் வீட்டு கேட்டின் தாழ்ப்பாள், கோப்பு சேமிக்கப்பட்டதற்கு. தென்னை மட்டை விழுவது, அழித்ததற்கு. அதற்காகத் தெரிந்தவர் தோப்பில் ஒரு காலை முழுக்கக் காத்திருந்தோம், ஒரு மட்டையும் விழவில்லை. கடைசியில் தோப்புக்காரர் மேலே ஏறி ஒன்றைத் தள்ளிவிட்டார்.

கம்ப்யூட்டரை அணைக்கும்போது கேட்பதற்கு ஒரு கோயில் மணி வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதற்காக இரும்பை என்ற ஊரிலுள்ள சிவன் கோயிலுக்குப் போனோம். காலைப் பூசை முடிந்து மணியைப் பதிவு செய்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் மர நிழலில் உட்கார்ந்தோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சில்வண்டுகள் ஆரம்பித்தன. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு மரங்கள் எல்லாமே சேர்ந்து ஒரே சத்தமாக. காதுக்குள் கம்பியை இழுப்பதுபோல. இரண்டடி தள்ளி நின்று பேசினால் கேட்காத அளவுக்கு.

அவர் மரத்தில் சாய்ந்துகொண்டு கால்களை நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இன்னா அமைதி பாரு மே," என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அவர் மடியில் ரெக்கார்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் சத்தத்தின் அளவைக் காட்டும் கோடுகளை உற்றுப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "ஒண்ணுமே இல்ல, மீட்டரு மட்டும் ஏன் இப்பிடித் துள்ளுது? காத்தா?"

"காத்துதான்," என்றேன்.

திரும்பி வரும் வழி முழுக்க, வேன் சத்தத்துக்கு நடுவே என் மனசில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. டீ குடிச்சீங்களா. வெளிய வெயிலா இருக்குதா. தலை கொஞ்சம் தேவலாம். இன்னைக்கி சீக்கிரம் வந்துடுங்க. படுக்கையிலிருந்து அவருடைய முதுகைப் பார்த்து, மெல்லிய குரலில் நான் கேட்ட அத்தனை கேள்விகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவருக்குச் சலிக்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியாமல், ஜன்னல் வழியாக ஓடும் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவரிடம் எப்படிக் கேட்பது? ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே இத்தனை வருடம் நின்றவர். எந்த மண்டபத்தில் எந்த மூலையில் குரல் எதிரொலிக்கும் என்று ஊரே அவரைக் கேட்கும். அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அவர் முகத்துக்கு நேரே போய் நின்று பேசத் தொடங்கினேன். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. பதில்கள் வரத் தொடங்கின. எங்கள் வீட்டில் மறுபடி பேச்சு கேட்டது.

அது வெளியே வந்தது ஒரு கல்யாணத்தில். விழுப்புரத்தில் ஒரு மண்டபம், காலை முகூர்த்தம். அவரோடு வழக்கமாக வரும் ஆள் காய்ச்சல் என்று வரவில்லை. "சும்மா பக்கத்துல உட்காரு, யாராச்சும் ஒயரை மிதிக்காம பார்த்துக்கோ" என்று என்னைக் கூட்டிப்போனார். மேடையில் சீரியல் விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்ததால் நான் மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கண்களை மூடி உட்கார்ந்திருந்தேன். பூ வாசனை, சந்தன வாசனை, சாம்பார் வாசனை எல்லாம் கலந்து வந்தன. சும்மா இருக்கிற நேரத்தில் மிக்ஸரின் பொத்தான்களை விரலால் தடவி எது எந்த மைக் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு அதற்குள் அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது.

தாலி கட்டி முடிந்து பெரியவர் ஒருவர் வாழ்த்திப் பேச வந்தார். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் ஸ்பீக்கர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார் போலிருக்கிறது. மெல்லிய ஒரு கீச்சுச் சத்தம் புறப்பட்டது. ஊசி முனைபோல ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது. குழந்தைகள் வீறிட்டன. பக்கத்தில் யாரோ காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். நான் கண்ணைத் திறந்தேன். என் கணவர் மிக்ஸருக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு, மேடையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"யோவ் சவுண்டு! தூங்கிக்கினு இருக்கியா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

நான் கையை நீட்டி, தடவி வைத்திருந்த அந்தப் பொத்தானைக் கீழே இழுத்தேன். சத்தம் நின்றது. அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வார்த்தையில் எழுதப் போவதில்லை.

பந்தி முடிந்து சாமான்களை ஏற்றிய பிறகு, வேனைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்டபத்து வாசலில் வாழைமரங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குத் தெரியுமா மே?" என்றார்.

அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "இரும்பையில தெரிஞ்சிது."

"எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். ரொம்ப நாளா தெரியும். கொசு சத்தம் கேக்கறதில்லன்னு மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சி."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீயே படுத்துக் கெடந்தே. அப்புறம், சவுண்டு சர்வீஸ்காரனுக்குக் காது கேக்கலன்னு போர்டா மாட்ட முடியும்?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "நீ ஏதோ கேப்பே. வாய் அசையறது தெரியும். மறுபடி மறுபடி இன்னா இன்னான்னு கேட்டா உனக்கு பேஜாரா இருக்கும்னு போய்டுவேன்."

"நான், உங்களுக்கு என்கூடப் பேசப் பிடிக்கலன்னு நெனச்சேங்க."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வேன் கிளம்ப வெகுநேரம் ஆனது. நெடுஞ்சாலையில் வரும்போது இரண்டு பக்கமும் கரும்பு பூத்திருந்தது. அந்த வெள்ளைப் பூக்கள் வெயிலில் மிதப்பதுபோல இருந்தன. நாங்களும் எதன்மீதோ மிதந்துகொண்டு போவதாகத் தோன்றியது.

நான் பார்க்காமலேயே காரியம் நடக்க என்னவெல்லாமோ செய்து கொடுத்தவருக்கு, கேட்காமலேயே காரியம் நடக்க ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் மாடியில், அவர் கீழே பட்டறையில். கூப்பிட்டால் கேட்காது. போனில் செய்தி அனுப்ப நான் திரையைப் பார்க்க முடியாது. மூடிப்போன ஒரு டிபன் கடையிலிருந்து பில் அடிக்கும் சின்ன மிஷின் ஒன்று பழைய சாமான் கடைக்கு வந்திருந்தது. அதை வாங்கி வந்து பட்டறை மேசையில் வைத்து, மாடியிலிருந்து ஒயர் இழுத்தோம். நான் மேலே தட்டச்சு செய்வது கீழே துண்டுக் காகிதத்தில் அச்சாகி வரவேண்டும். முதல் சில நாட்கள் அது தமிழை அச்சடிக்கவே இல்லை. என்ன அடித்தாலும் வரிசையாகக் கேள்விக்குறிகள். அவர் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"இன்னா மே, இத்தனை கேள்வி கேக்கற? ஒண்ணொண்ணா கேளு."

தோழியிடம் கேட்டுக் கேட்டு, எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பும் ஒரு வழியைக் கண்டுபிடித்தோம். ஒருநாள் மதியம் 'சாப்பாடு ரெடி, கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு' என்று அடித்தேன். கீழே மிஷின் கிர்ரென்று ஓடுவது கேட்டது. அடுத்த நிமிடம் படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டது.

அவர் தன் போனில் எழுதுவதை என் கம்ப்யூட்டர் எனக்குப் படித்துக் காட்டும்படியும் செய்துகொண்டோம். அவர் பேசுகிற மாதிரியேதான் எழுதுவார். மூச்சு விடாத அந்தப் பெண் அதைச் செய்தி வாசிப்பதுபோலச் சொல்வாள்: "இன்னா மே பண்ணிக்கினு இருக்கற. வெயிலு கொளுத்துது. மோரு குட்சியா." சிரித்துச் சிரித்து எனக்கு வேலை ஓடாது. தோழி வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கி போன்லயே எனக்கு சந்தேகம்டி. நான் ஒண்ணு சொன்னா அவரு வேற எதையோ அழுத்துனாரு. நீ ஒரே வீட்டுல இருந்துக்கினு கண்டுபுடிக்கல."

அவள்தான் அவரைக் காது பரிசோதனைக்கு வற்புறுத்தினாள். விழுப்புரத்தில் பரிசோதனை செய்து, இரண்டு காதுக்கும் கருவி கொடுத்தார்கள். முதல் நாள் அவருக்கு ஒரே எரிச்சல். பிளாஸ்டிக் பை கசங்குவது, கரண்டி தட்டில் உரசுவது, செருப்புச் சத்தம், எல்லாமே பெரிதாகக் கேட்டன. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த ஒருநாள், நான் மாடியில் வேலை செய்துகொண்டிருந்தேன். காதில் ஒரு கிழவர் தன் மாட்டைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் விசில் ஊதியது. அந்தப் பெண் நிதானமாக வாசித்தாள்: "நீ சிரிச்சது கீழ வரைக்கும் கேட்டுச்சி மே."

நான் கால் மிதியிலிருந்து காலை எடுத்தேன். கிழவர் பாதி வாக்கியத்தில் நின்றார். வெகுநேரம் அவரை ஓடவிடவில்லை.

இப்போது என் தலை பெருமளவு சரியாகிவிட்டது. கொஞ்ச நேரம் திரை பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. டாக்டரம்மாவும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். ஒருநாள் அவருடைய பழைய லேப்டாப்பை மறுபடி இணைத்துத் திறந்து என் கோப்புகளைப் பார்த்தேன். சின்னச் சின்ன மஞ்சள் பெட்டிகளாக வரிசையில் நின்றன. வாசல், அடுக்களை, கூடம். நான் நடந்து திரிந்த வீடு இதுதானா என்று ஏமாற்றமாக இருந்தது. மூடிவிட்டேன். கல்யாண போட்டோ, ரயில் டிக்கெட் என்று கண்ணால் பார்த்தே ஆகவேண்டியவற்றுக்கு மட்டும் திறக்கிறேன். வேலை எல்லாம் பழையபடி கண்ணை மூடிக்கொண்டுதான். பெரிய கல்யாணங்களுக்கு நானும் வேனில் ஏறிக்கொள்கிறேன். மிக்ஸரில் பாதிப் பொத்தான்கள் என் பக்கம், பாதி அவர் பக்கம்.

போன வாரம் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்தது. வயதான ஒரு அம்மா. கணவர் வளைகுடாவில் வேலைக்குப் போன காலத்தைப் பற்றிப் பேசுகிறார். பின்னணியில் கடல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கணவருக்கு எழுதப் படிக்க வராதாம். அதனால் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவாராம். "அவுங்க பேசுவாங்க, நடுவுல பேச்சு இல்லாம சும்மா இருப்பாங்க. ஃபேன் ஓடுற சத்தம் மட்டும் கேக்கும். அந்த இடம் வந்தா நான் சமையலை வுட்டுட்டு வந்து பக்கத்துல உட்காந்துக்குவேன்" என்றார் அந்த அம்மா.

மழை தூறிக்கொண்டிருந்த மதியம் அது. என் கணவர் டீ எடுத்துக்கொண்டு மேலே வந்தார். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு இடத்தில் பேச்சு நின்று, எனக்குக் கடல் மட்டும் மெல்லக் கேட்டது.

"நிறுத்திட்டியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, ஓடுது," என்றேன்.

தலையாட்டிவிட்டு, டீயைத் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.